தாடிச் சாமியின் கறுப்புப் பட்டை

எனக்கு வாய் பெரிது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மூன்றாவது மாடியில் நின்று நான் கீரைக்காரியைக் கூப்பிட்டால் பசுந்தாங் பாலத்தில் போகிற பஸ் நிற்கும் என்பார் என் வீட்டுக்காரர். ஆக்ஸிஜன் சிலிண்டருக்காக ரங்கூனே வரிசையில் நின்ற வருஷத்தில் அவர் போய்ச் சேர்ந்தார். எனக்கு மிச்சம் இந்த வாயும் ஒரு மகனும். அந்த மகனுக்கோ வாயே கிடையாது. உதயசூரியன் என்று பேர் வைத்து என்ன? அவன் பேசினால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவன் "என்ன சொன்னே?" என்று இரண்டு தரம் கேட்பான். இருபத்துமூன்று வயது. போன் ரிப்பேர் கடையில் வேலை. அந்த வேலைக்கு வாய் வேண்டாம் என்பதால் பிழைத்துக்கொண்டிருந்தான்.

எங்கள் பக்கத்து அடுக்குவீடுகளில் ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் ஒரு கயிறு தெருவரைக்கும் தொங்கும். நுனியில் ஒரு கிளிப், மேலே ஒரு மணி. கீழே இருக்கிறவன் கயிற்றை இழுத்தால் மேலே மணி அடிக்கும். கிளிப்பில் மாட்டியதை நாம் இழுத்துக்கொள்ளலாம். கரண்ட் பில், பேப்பர், ஒரு கட்டு கீரை எல்லாம் அப்படித்தான் வீட்டுக்கு வரும். ஒரு திங்கட்கிழமை காலையில் மணி அடித்தது. எட்டிப் பார்த்தேன். வார்டு ஆபீஸ் ஆள் ஒரு கவரை மாட்டிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போய்க்கொண்டிருந்தான். நான்தான் இழுத்தேன். என் மகனைப் பட்டாளத்துக்குக் கூப்பிடுகிற கடுதாசியை, கீரைக்கட்டைத் தூக்குவது போல, என் இரண்டு கையாலும் நானே மேலே தூக்கினேன்.

சீட்டுக் குலுக்கலில் அவன் பேர் விழுந்திருந்தது. மூன்று வாரத்தில் உடல் பரிசோதனை. தேறினால் அங்கிருந்தே லாரி. வீட்டுக்கு வந்து துணி எடுத்துக்கொண்டு போகக்கூட விடுவதில்லை. எங்கள் தெருவிலிருந்து ஏற்கெனவே நாலு பேர் போயிருந்தார்கள். இரண்டு பேரிடமிருந்து எப்போதாவது போன் வரும். ஒருவன் ஒரு காலோடு திரும்பி வந்தான். நாலாவது பையனைப் பற்றி அவன் அம்மாவிடம் யாரும் கேட்பதில்லை. சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டுபோவேன், இறங்காது.

ஆனால் நான் சும்மா அழுதுகொண்டு கிடக்கிற ஜாதி இல்லை. பத்தொன்பது வருஷமாகக் காது மூக்கு தொண்டை கிளினிக் ஒன்றில் உதவியாளாக இருக்கிறேன். காதுக்கு மிஷின் மாட்டிச் சத்தம் விட்டு, கேட்கிறதா இல்லையா என்று குறிப்பெடுப்பது என் வேலை. எத்தனை செவிட்டுக் காதுகளைப் பார்த்திருப்பேன்! அன்றைக்கே அவனை உட்கார வைத்தேன்.

"இந்தா பாரு. உனக்கு எடது காது கேக்காது. சின்னதுல பொன்னுக்கு வீங்கி வந்து போயிடுச்சு. புரியுதா?"

"புரியுதும்மா."

"நான் எந்தப் பக்கம் நின்னு கேட்டேன்?"

"எடது..."

"அப்புறம் எதுக்குடா பதில் சொல்ற, மடையா! அது கேக்காத காதுடா!"

டியூனிங் ஃபோர்க்கைத் தட்டி எலும்பில் வைத்தால் என்ன சொல்ல வேண்டும், காதோரம் வைத்தால் என்ன சொல்ல வேண்டும் என்று எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். பிள்ளை பிடித்துக்கொண்டான். எனக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது. பரிசோதனைக்கு ஐந்து நாள் இருக்கும்போது எதிர்க் கட்டடத்துச் செல்லையாண்ணன் எங்கள் மாடிப்படியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுவதைப் பார்த்தேன். அவர் மகன் தனசேகரனுக்கு எங்களுக்கு முன்பே கடுதாசி வந்திருந்தது.

"ஒரு காது கேக்கலேன்னு சொல்லிப் பாக்குறேம்பான்னு அவனேதான் போனான் தங்கச்சி. கேக்குற காதுல என்னமோ பெட்டிய வச்சானுங்களாம். கரகரன்னு சத்தமாம். பேப்பரக் குடுத்து, படிடான்னானுங்களாம். ரெண்டு வரி படிச்சிருக்கான், அவ்ளோதான். பொய் சொல்றான், ஏத்துன்னுட்டானுங்க. அடி வேற. லாரியில இருந்து போன் பண்ணிச் சொல்றான், எப்பிடிக் கண்டுபுடிச்சானுங்கன்னே தெரியலப்பாங்கறான்."

அவர் பிள்ளைக்காக நான் கலங்கவில்லை, அந்தப் பெட்டிக்காகக் கலங்கினேன், இதையும் ஒப்புக்கொள்கிறேன். என்ன பெட்டி? எங்கள் கிளினிக்கில் அப்படி ஒன்று கிடையாது. பேப்பரைப் படித்தால் காது செவிடா இல்லையா என்று எப்படித் தெரியும்? எங்கள் டாக்டரம்மாவிடம் கேட்கலாமா என்று வாய்வரைக்கும் வந்தது. கேட்டால், எதற்குக் கேட்கிறாய் என்பார். எனக்கு ஒரு மகன் இருப்பது அவருக்குத் தெரியும். இந்தக் காலத்தில் ஒருவருக்கு ஒரு விஷயம் தெரிவதே அவருக்கு ஆபத்து. வாயை மூடிக்கொண்டேன். என் வாய் மூடியிருந்ததைப் பார்த்து, உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

வேறு யாரிடம் போவேன்? தாடிச் சாமியிடம்தான் போனேன்.

தாடிச் சாமி எங்கள் கிளினிக்கில், மிஷின் அறைக்கு வெளியே சுவரில் இருக்கிறார். பழைய போட்டோ. வெள்ளைக்காரர். நெஞ்சுவரை தாடி, வெளிர்ச் சாம்பல் கோட்டு, இடது கையில் முழங்கைக்கு மேலே அகலமாக ஒரு கறுப்புப் பட்டை. கிளினிக்கை ஆரம்பித்த பெரிய டாக்டர் வாலிபத்தில் கிழக்கு ஜெர்மனிக்குப் போய்ப் படித்தவர். அவரைச் சயாஜீ, அதாவது பெரிய வாத்தியார், என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். தினம் காலையில் கதவைத் திறந்ததும் அந்தப் படத்துக்கு முன்னால் மண்டியிட்டு, நெற்றி தரையில் பட மூன்று தடவை கும்பிடுவார். பர்மாக்காரர்கள் குருவைக் கும்பிடுகிற முறை அது. சேர்ந்த புதிதில் எனக்கு எங்கே தெரியும்? இவ்வளவு படித்த மனுஷர் விழுந்து கும்பிட்டால் அது சாமியாகத்தான் இருக்க வேண்டும். கையில் பட்டை வேறு. மந்திரித்துக் கட்டிய ரட்சை. கோட்டுப் போட்ட முனீஸ்வரன் என்று முடிவு பண்ணிவிட்டேன். வெள்ளிக்கிழமை தவறாமல் ஒரு முழம் மல்லிகை சாத்தினேன். சயாஜீ பார்த்துச் சிரித்தார், தடுக்கவில்லை. அவர் காலமாகி, இப்போது அவர் மகள் டாக்டரம்மா நடத்துகிறார், அவரும் தடுக்கவில்லை. ஊரில் எத்தனையோ சாமிக்குச் சுருட்டும் சாராயமும் வைக்கிறோம், இவருக்குப் பூ வைத்தால் என்ன?

கடுதாசி வந்த அன்றே என் வீட்டுக்காரருடைய பழைய குடைத்துணியைக் கிழித்து, சாமி கட்டியிருக்கிற அதே அகலத்துக்கு ஒரு பட்டை தைத்து, படத்துக்கு முன்னால் வைத்து எடுத்து, உதயனின் இடது கையில், சாமி கட்டியிருக்கிற அதே இடத்தில் கட்டிவிட்டிருந்தேன். "கழட்டினே, கையை ஒடிச்சிருவேன்" என்று சொல்லியிருந்தேன்.

அன்று மத்தியானம் படத்தின் முன் நின்று, "சாமி, அந்தப் பெட்டி என்னன்னு காட்டிக் குடு" என்று கேட்டேன்.

பன்னிரண்டிலிருந்து இரண்டுவரை கிளினிக் மூடியிருக்கும். சாவி என்னிடம். அந்த நேரத்தில் எங்கள் கட்டடத்து இரண்டாவது மாடி மதுமிதா படிக்க வருவாள். பத்தொன்பது வயது, ஜெர்மனியில் நர்ஸ் படிப்புக்குப் போவதற்காக ஜெர்மன் பரீட்சை எழுதப்போகிறாள். வீட்டில் கரண்ட் இருக்காது, இங்கே பாட்டரி உண்டு. சயாஜீயின் கண்ணாடி அலமாரியில் ஜெர்மன் புத்தகங்கள் இருப்பதைப் பார்த்து, ஒவ்வொன்றாக எடுத்துப் போனில் அகராதியை வைத்துக்கொண்டு படிப்பாள். பெண்பிள்ளைகளையும் கூப்பிடுவார்கள் என்று பேச்சு அடிபட்டதிலிருந்து அவள் படிக்கிற வேகமே தனி. அன்றைக்கு அவள் கையில் ஓர் ஒல்லிப் புத்தகம். அட்டையில் என் தாடிச் சாமி!

"அடியே, சாமி புஸ்தகம்! என்ன போட்டிருக்கு?"

"அத்தை, இது சாமி இல்ல."

"வாயைக் கழுவு."

"நெஜமா அத்தை. டாக்டர். புரொபசர். பேரு எபர்ஹார்ட் லோஸ்வால்ட். இது அவரோட லைஃப், அவர் செஞ்ச வேலை, எல்லாம். அவர்ட்ட படிச்ச ஒருத்தர் எழுதுனது."

சாமிகள் எல்லாம் ஒருகாலத்தில் மனுஷர்களாக இருந்தவர்கள்தான். நான் தளரவில்லை. "சரி, படிச்சுச் சொல்லு" என்று எதிரே உட்கார்ந்தேன்.

அவள் ஒரு வரி படிப்பாள், போனைப் பார்ப்பாள், பாதித் தமிழிலும் பாதி பர்மாவிலும் சொல்வாள். ஆயிரத்து எண்ணூற்று இருபத்தாறில், தோல் பதனிடுகிறவருக்குப் பிறந்தாராம். நாலு வயதில் வீட்டில் ஒரு விஷக்காய்ச்சல். ஒரே வாரத்தில் இரண்டு தங்கச்சிகள் போனார்கள். அம்மாவுக்கு இரண்டு காதும் போயிற்று. அந்த அம்மா காதில் கத்திக் கத்தியே வளர்ந்த பிள்ளை, காது வைத்தியம் படிப்பேன் என்று கிளம்பினாராம். அந்தக் காலத்தில் காதைப் பெரிய டாக்டர்கள் யாரும் சட்டை பண்ணுவதில்லை. இவர் பட்டாளத்தில் கொஞ்ச காலம் டாக்டராக இருந்துவிட்டு, பதினோரு கட்டில் போட்டு காதுக்கென்று ஒரு வார்டு திறந்தார். தன் பைக் கடிகாரத்தை நோயாளியின் காதருகே பிடித்து, எத்தனை அடி தள்ளிப்போனால் டிக் டிக் நின்றுபோகிறது என்று நோட்டில் எழுதுவாராம். ஞாயிற்றுக்கிழமை ஏழைகளுக்கு இலவச வைத்தியம். நாற்பது வயதில் பேராசிரியர். கேட்கக் கேட்க எனக்குப் பெருமை தாங்கவில்லை. பார்த்தாயா, நான் கும்பிட்டது வீண்போகவில்லை என்று படத்தைப் பார்த்தேன்.

அடுத்த பக்கத்தைப் புரட்டிய மதுமிதாவின் குரல் மெதுவானது.

"அப்புறம்... பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும்போது காது பாக்குற வேலைய இவர்கிட்ட குடுத்தாங்க அத்தை. நெறைய பசங்க ஒரு காது கேக்கலேன்னு பொய் சொன்னாங்களாம். அத எப்பிடிக் கண்டுபுடிக்கிறதுன்னு இவர்தான் ஒரு வழி..."

நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டேன்.

"நிறுத்தாதே. சொல்லு."

"சமையல்கட்டுல இருந்து ஒரு மிஷின் எடுத்துட்டு வந்தாராம். காப்பிக் கொட்டை போட்டு கைல சுத்துவாங்கல்ல, அது. கேக்குற காதுகிட்ட வச்சு கரகரன்னு சுத்திக்கிட்டே, பைபிளக் குடுத்துப் படிக்கச் சொல்வாராம்."

கரகர. செல்லையாண்ணன் சொன்ன அதே கரகர. நான் எழுந்து கதவைத் தாழ் போட்டேன். அவள் சொல்லச் சொல்ல எனக்குப் பளிச்சென்று விளங்கியது. ஜெனரேட்டர் ஓடுகிற கடையில் நாம் எல்லோரும் கத்துகிறோமே, ஏன்? நம் குரல் நமக்கே கேட்பதில்லை, அதனால் தானாக உயர்கிறது. இடது காது நிஜமாகவே செவிடானவனுக்கு வலது காதில் இரைச்சலை வைத்தால் இரண்டும் அடைத்துப்போகும். தன்னை அறியாமல் கத்துவான். நடிக்கிறவனுக்கு இடது காது திறந்தே இருக்கிறது. தன் குரல் தனக்கு நன்றாகக் கேட்கும். அதனால் தன் பாட்டுக்குச் சாதாரணமாகப் படிப்பான். குரல் உயரவில்லையா, பொய். அவ்வளவுதான் வித்தை. பதினோரு வருஷத்தில் இருநூற்று நாற்பது பையன்களை என் தாடிச் சாமி இப்படிப் பிடித்துக் கொடுத்திருக்கிறார். இன்றைக்கு ரங்கூனில் அந்தக் காப்பி மில் பெட்டியாகி வந்து தனசேகரனைப் பிடித்தது. ஒரு கூப்பாட்டுக்குக்கூட எதிர்க்குரல் கொடுக்காத என் மகன் அதன் முன்னால் எம்மாத்திரம்?

மதுமிதா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் முகத்தில் எல்லாம் எழுதியிருந்திருக்க வேண்டும். ஐயோ, இவளுக்குத் தெரிந்துபோயிற்றே என்று எனக்கு இன்னொரு பயம். இவள் அம்மாவிடம் சொல்வாள், அம்மா மார்க்கெட்டில் சொல்வாள். அவளோ புத்தகத்தை முந்தின பக்கத்துக்குத் திருப்பினாள்.

"அத்தை, அந்த எடத்த இன்னொரு தடவ படிக்கட்டா? மெதுவா?"

அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டு அழவேண்டும் போல இருந்தது. "படிம்மா" என்றேன்.

இரண்டு தடவை படித்தாள். பிறகு மிச்சக் கதையையும் சொன்னாள். அதைச் சொல்லாமலே விட்டிருக்கலாம். அந்த மனுஷருக்கு ஒரே மகன். பேர் எமில். ஆயிரத்து எண்ணூற்று எழுபதில் பிரான்ஸோடு சண்டை வந்தபோது அவனையும் கூப்பிட்டார்கள். அவன் வந்து, இடது காது கேட்கவில்லை என்றான். பரிசோதனை மேஜையில் உட்கார்ந்திருந்தது அப்பா. வேறு டாக்டரைப் பார்க்கச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மில்லை எடுத்தார், சுற்றினார். இத்தனைக்கும் அப்பாவின் புத்தகத்தை அச்சுக்காக நல்ல எழுத்தில் படியெடுத்துக் கொடுத்தவனே அந்த எமில்தான். குரலை உயர்த்தினால் தப்பலாம் என்று அவனுக்கு அட்சரம் அட்சரமாகத் தெரியும். தெரிந்தும் சாதாரணமாகவே படித்தான். அன்றைக்கு அப்பா தன் குறிப்பில் இரண்டே வாக்கியம் எழுதியிருக்கிறார்: "குரல் உயரவில்லை. கையெழுத்திட்டேன்."

"ஏழு மாசத்துல எமில் செத்துட்டாரு அத்தை. அதுக்கப்புறம் இவரு இன்னும் பத்தொம்பது வருஷம் புரொபசரா இருந்தாரு. பட்டமெல்லாம் குடுத்தாங்க. ஆனா எந்தப் போட்டோலயும் அந்தக் கறுப்புப் பட்டைய மட்டும் கழட்டவே இல்லியாம்."

"ஏன்? என்ன பட்டை அது?"

"துக்கம் அத்தை. அங்க வீட்ல யாராவது செத்தா அப்பிடிக் கட்டுவாங்க. மகனுக்காகக் கட்டுனது."

மேஜைமேல் கட்டுத்துணி வெட்டுகிற கத்தரிக்கோல் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு ஓடினேன். செருப்புப் போட்டேனா, கதவைப் பூட்டினேனா, ஒன்றும் நினைவில்லை. இரண்டு தெரு தாண்டி உதயனின் கடை. அவன் ஒரு போனைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சட்டைக் கையைத் தூக்கிவிட்டு, ஒரே வெட்டு. அவசரத்தில் தோலில் பட்டு ஒரு பொட்டு ரத்தம் வந்தது. கடை முதலாளி வாயைப் பிளந்து பார்த்தார். "வேண்டுதல் முடிஞ்சிருச்சு" என்று சொல்லிவிட்டு, துணியைச் சாக்கடையில் போட்டேன். செத்த பிள்ளைக்குக் கட்டுகிற துணியை உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு என் கையாலேயே தைத்துக் கட்டியிருக்கிறேன்! இரண்டு வாரம் அதைக் கட்டிக்கொண்டு சாப்பிட்டிருக்கிறான், தூங்கியிருக்கிறான். தெருவில் நின்றே அழுதேன்.

திரும்பி வந்து தாடிச் சாமியை ஏசினேன். "பாவி மனுசா! பெத்த புள்ளைய எவனாவது சோதிப்பானா? உனக்கா பத்தொன்பது வருஷம் பூ வச்சேன்?" எல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு, அவர் பாட்டுக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். மாலையைப் பிய்த்து எறிந்தேன்.

மிச்சம் நாலு நாள். வீட்டில் கத்திப் பழக முடியாது; சுவருக்கு அந்தப் பக்கம் யார் காது வைத்திருக்கிறார்களோ. ஆனால் கிளினிக்கில் மிஷின் அறை இருக்கிறது. சுவர் முழுக்கப் பஞ்சு, கதவு ஒரு சாண் கனம். உள்ளே கொலை நடந்தாலும் வெளியே கேட்காது. மத்தியானம் உதயனை அங்கே கொண்டுவந்து உட்கார வைத்தேன். மதுமிதா வாசலில் புத்தகத்தோடு காவல். காதில் மாட்டுகிற ஹெட்போனில் இரைச்சல் விட எங்கள் மிஷினில் வசதி உண்டு. முதலில் இரண்டு காதிலும் விட்டேன். பேப்பரில் வானிலைச் செய்தியைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அட, என் பிள்ளைக்கும் குரல் இருக்கிறது! ஐராவதி முகத்துவாரத்தில் மழை பெய்யும் என்று அறை அதிரக் கத்தினான். நிறுத்தினால் உடனே இறங்கியது. "இதேதான். இவ்ளோதான் ஏத்தணும், நின்ன உடனே எறக்கணும்" என்று சொல்லி, அடுத்து வலது காதில் மட்டும் விட்டேன். மறுபடி பழைய முனகல்.

"கத்துடா!"

"என் குரல் எனக்கே கேக்குதும்மா. பொய்யா கத்த வாய் வர மாட்டேங்குது."

அவனை அறையலாம் போல இருந்தது. அறையவில்லை. எமில் கதையைச் சொன்னேன். "அந்தப் புள்ளைக்கு வித்தை தெரியும்டா. தெரிஞ்சும் கத்தல. எதுக்க இருந்தது அப்பன், பொய் வரல, போய்ட்டான். உனக்கு அங்க யாருடா அப்பன் ஒக்காந்திருக்கான்? எவன் முன்னாடி உனக்கு வெக்கம்?" ஹெட்போனை மறுபடி அவன் தலையில் மாட்டினேன். "எடது காத மறந்துரு. உனக்கு அது இல்லவே இல்ல. பொறந்ததுல இருந்து இல்ல."

அவன் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு இருந்தான். பிறகு படித்தான். மூன்றாவது நாள் சரியாக வந்தது. நாலாவது நாள் நானே பயந்துபோகிற அளவுக்குச் சரியாக வந்தது.

பரிசோதனை ஒரு பள்ளிக்கூடத்தில். வாசலில் துப்பாக்கியோடு நின்றவர்கள் பிள்ளைகளை மட்டும் உள்ளே விட்டார்கள். எதிரே டீக்கடையில் என்னைப் போல ஏழெட்டு அம்மாக்கள். பள்ளிக்கூடச் சுவரோரம் ஒரு பெரிய ஜெனரேட்டர் பேயாக அலறிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் நிற்கிற லாரியைப் பார்க்கக் கூடாது, பார்க்கக் கூடாது என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. முருகா, காமாட்சி, பெரியபாளையத்தாளே என்று தெரிந்த பேரையெல்லாம் கூப்பிட்டேன். தாடிச் சாமியை மட்டும் கூப்பிடவில்லை.

ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். கீழ்மாடி ஜன்னலிலிருந்து, ஜெனரேட்டரையும் மீறி, ஒரு குரல் வந்தது. "ஐராவதி" இல்லை, வேறு ஏதோ செய்தி. நெல் விளைச்சலைப் பற்றி. வார்த்தை எனக்கு எதற்கு? அது என் பிள்ளை. பக்கத்து நாற்காலிக்குக்கூடக் கேட்காத என் பிள்ளை, தெருவைத் தாண்டி எனக்குக் கேட்கக் கத்துகிறான். உதட்டைக் கடித்துக்கொண்டேன். பெட்டியை நிறுத்துவானே, அந்த நேரம் பார்த்து இறக்கு, இறக்கு என்று மனசுக்குள் கதறினேன். குரல் சட்டென்று இல்லாமல் போயிற்று. இறக்கினானா, அடித்து நிறுத்தினார்களா? ஜெனரேட்டர் எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரத்தை என் எதிரிக்கும் கொடுக்கக் கூடாது.

வந்தான். லாரிப் பக்கம் போகாமல், கேட்டு வழியாக, கையில் ஒரு தாளோடு வந்தான். இடது காது செவிடு, தற்போதைக்குத் தகுதியில்லை, ஒரு வருஷம் கழித்து மறுபரிசோதனைக்கு வரவும் என்று எழுதியிருந்தது. அவனோடு உள்ளே போன பதினேழு பேரில் வெளியே வந்தது மூன்று பேர். மற்ற அம்மாக்களின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் அவனை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் அவனுக்கு இடப்பக்கம் உட்கார்ந்தேன். "சாமி காப்பாத்திருச்சுடா" என்று மெல்லச் சொன்னேன். திரும்பவில்லை. கெட்டிக்காரன், பஸ்ஸில் யார் பார்ப்பார்களோ என்று கவனமாக இருக்கிறான் என்று சந்தோஷப்பட்டேன். வீட்டுக்கு வந்து கதவைத் தாழ் போட்டு, சோறு போட்டேன். இடப்பக்கம் நின்று, "போதும்டா, இனி நம்ம வீடுதானே, ரசம் ஊத்தட்டா?" என்றேன். குனிந்து சாப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

அது நடந்து எட்டு மாதம். பத்து வீட்டைக் கண்காணிக்க ஓர் ஆள் என்று வார்டு ஆபீஸில் வைத்திருக்கிறார்கள், அவர் மாடிப்படியில் வேண்டுமென்றே இடப்பக்கம் வந்து மெதுவாகப் பேர் சொல்லிப் பார்ப்பார். இவன் நிற்பதில்லை. அது சரி, அது நடிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் போன வாரம் பால்கனி மணி அடித்தது. இடப்பக்கம் அடித்த மணிக்கு இவன் வலப்பக்கம் திரும்பிப் பார்த்தான். ஒரு காது நிஜமாகவே போனவர்கள்தான் அப்படித் திரும்புவார்கள். சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று அவர்களுக்குத் தெரியாது. பத்தொன்பது வருஷமாகக் கிளினிக்கில் பார்த்திருக்கிறேன். அதை நான் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

மதுமிதா பரீட்சையில் தேறிவிட்டாள், விசாவுக்குக் காத்திருக்கிறாள். "மிஷின் அறையில உக்கார வச்சுப் பாத்துருங்க அத்தை, அஞ்சு நிமிஷ வேல" என்கிறாள். அஞ்சு நிமிஷம்கூட வேண்டாம். ஒரு ஹெட்போன், ஒரு பேப்பர், இரண்டு வரி. சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது. ஒவ்வொரு மத்தியானமும் அந்தக் கதவுவரைக்கும் போகிறேன். பக்கத்துச் சுவரில் அந்த மனுஷர் கறுப்புப் பட்டையோடு என்னைப் பார்க்கிறார். அவர் மகனைச் சோதித்துத் தெரிந்துகொண்டார். தெரிந்துகொண்டதுதான் அவருக்கு மிச்சம்.

நான் சோதிக்க மாட்டேன். கதவைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வருகிறேன். இப்போதெல்லாம் உதயனுக்குச் சோறு போட்டால் வலப்பக்கம்தான் உட்காருகிறேன்.